சகலை வாசலில் படுக்கும் முள்

சிங்கராயர் சபதம் போட்டால் அதில் ஒரு வேலைப் பங்கீடு இருக்கும். போடுவது அவர். சுமப்பது அவர் மனைவி சூசைமேரி. இனிமேல் காப்பியைத் தொடமாட்டேன் என்று ஒருமுறை சபதம் போட்டார். அன்று முதல் வேளைக்கு வேளை சுக்கு இடித்தது சூசைமேரியின் கை. நடந்தே சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று இன்னொரு சபதம். தெருமுனை வரை போய்த் திரும்பியவருக்கு வெந்நீர் வைத்துக் கால் பிடித்துவிட்டதும் அவள்தான்.

போன மாதாகோவில் திருவிழாவில் போட்டதுதான் இருப்பதிலேயே பெரியது.

"இனிமே என் ஜீப்பு அந்தக் கிறிஸ்டோபர் வீட்டு வாசல்ல நிக்காது. நின்னா நான் சிங்கராயரே இல்ல!"

கிறிஸ்டோபர் அவருக்குச் சகலை. சூசைமேரியின் தங்கை இவாஞ்சலினைக் கட்டியவர். தேவிகாபுரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் நிலம், வாயில் எந்நேரமும் ஒரு கேலி. திருவிழா முடிந்ததும் ஃபாதர் வண்டிகளை மந்திரித்துக்கொண்டே வந்தார். புதுக் கார், புது பைக், புது டிராக்டர் என்று வரிசையாகத் தீர்த்தம் தெளித்தவர், சிங்கராயரின் முப்பது வயது டீசல் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார். கிறிஸ்டோபர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஃபாதர், இதுக்குத் தீர்த்தம் பத்தாது. அவஸ்தை பூசிடுங்க!"

சாகக் கிடக்கிறவர்களுக்குக் கடைசியாக எண்ணெய் பூசி ஜெபிப்பார்களே, அதைத்தான் சொன்னார். கோவிலே சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். சூசைமேரிகூட முந்தானைக்குள் சிரித்தாள் என்று சிங்கராயருக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி, சபதத்தைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி தள்ளிவிட்ட பிறகுதான் கிளம்பியது என்பது வேறு விஷயம்.

அந்த ஜீப் அவருக்கு உயிர். ஆரணியில் அவருக்குப் பட்டுச்சேலை வியாபாரம். சனிக்கிழமைதோறும் தேவிகாபுரம் தாண்டியிருக்கும் ஊர்களில் தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் பட்டும் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவார். சூசைமேரியும் கூடவே போவாள். காரணம், முப்பது வருஷம் பட்டு விற்றும் சிங்கராயருக்கு மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும் ஒன்றுதான். அவளோ தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணம் ஆகிற வரை தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டி நெய்தவள். போகிற வழியில்தான் சகலை வீடு. அது வந்தால் சிங்கராயர் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்.

இந்த நேரம் பார்த்து இவாஞ்சலின் போன் செய்தாள். மகள் ஸ்டெஃபிக்கு நிச்சயதார்த்தம். வருகிற மாதக் கடைசிச் சனிக்கிழமை.

"பெரியப்பா கையாலதான் தட்டு மாத்தணுமாம். இல்லன்னா நிச்சயமே வேணாங்கறா இந்தப் பொண்ணு," என்றாள்.

ஸ்டெஃபி அவர் வீட்டில் தங்கிப் படித்த பெண். அந்த ஜீப்பில்தான் அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். பரீட்சையன்று பேனாவை மறந்துவிட்டாள் என்று பாதி வழியிலிருந்து வண்டியைத் திருப்பிய மனுஷன். அவர் மனசு உருகத்தான் செய்தது. ஆனால் சபதம்?

"நீ வேணா பஸ்ல போய்ட்டு வா மேரி," என்றார் தாராளமாக.

"தட்டு மாத்தறது பெரியப்பாங்க. பெரியப்பாவ பஸ்ல பார்சலா அனுப்ப முடியுமா?"

"என் பேச்சுன்னா பேச்சு. என் வண்டி அங்க நிக்காது."

"சரிங்க," என்றாள் சூசைமேரி.

சண்டை போடுகிற மனைவியிடம் தப்பிக்க வழி உண்டு. 'சரிங்க' என்கிற மனைவியிடம் கிடையாது. சிங்கராயருக்கு இது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை ஜீப் தேவிகாபுரத்துக்குள் நுழைந்தது. சிங்கராயர் கழுத்தை நேராக்கினார். அதே நேரம் முள் படுத்தது.

அந்த முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜீப்பில் டீசல் முள் செத்துப் பல வருஷம் ஆகிறது. குச்சி விட்டுத்தான் அளப்பார். ஸ்பீடு முள், வண்டி வீட்டில் நின்றாலும் நாற்பது காட்டும். உயிரோடு இருந்தது ஆயில் பிரஷர் முள் ஒன்றுதான். எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று காட்டுகிற முள். 'மனுஷனுக்கு பிபி மாதிரி. அது படுத்தா எஞ்சின் கட்டிக்கும், அப்புறம் இரும்புக் கடைதான்' என்று ஜீப்பில் ஏறுகிற எல்லாருக்கும் பாடம் நடத்துவார். சூசைமேரிக்கு அந்தப் பாடம் ஜெபமாலை மாதிரி மனப்பாடம்.

"மேரி! முள்ளு!"

"ஐயையோ, கால்ல குத்திச்சாங்க?"

"கால்ல இல்ல! மீட்டர்ல!"

பிரேக். எஞ்சினை அணைத்தார். நிமிர்ந்து பார்த்தால் கிறிஸ்டோபர் வீட்டு கேட்.

"கொஞ்ச நேரம் ஆறட்டும்," என்றாள் சூசைமேரி. "நான் உள்ள போய் உங்களுக்குத் தண்ணி வாங்கிகினு ஜல்தியா வந்துடறேன்."

அந்த ஜல்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அக்காவும் தங்கையும் நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் பாதியைப் பேசி முடித்துவிட்டார்கள். சிங்கராயர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கேட் அருகே வந்து நின்ற கிறிஸ்டோபரைப் பார்க்காமல், பொதுவாக வேப்பமரத்திடம் சொன்னார்: "வண்டி வாசல்ல ஒண்ணும் நிக்கல. வாசலுக்கு நாலடி தள்ளிதான் நிக்குது."

கிறிஸ்டோபர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சூசைமேரி ஏறி உட்கார்ந்த பிறகு வண்டியைக் கிளப்பியதும் முள் எழுந்து நின்றது.

எண்ணெயை மாற்றினார். அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் முள் படுத்தது. இன்னும் கெட்டியான எண்ணெயாக ஊற்றினார். அதற்கடுத்த சனிக்கிழமை முள் இன்னும் சுகமாகப் படுத்தது. சூசைமேரியையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் குணாவிடம் போனார்.

குணா எஞ்சினில் சென்சாரை மாற்றினான். டியூப் வைத்த தனி மீட்டர் ஒன்றை நேராக எஞ்சினிலேயே மாட்டிப் பார்த்தான்.

"பிரஷர் கல்லு மாதிரி இருக்குதுண்ணா. எஞ்சின் மேல தப்பு இல்ல. உள்ள மீட்டருதான் எங்கியோ பொய் சொல்லுது."

"பொய்யா? இத்தினி வருசத்துல அது ஒண்ணுதான்டா இந்த வண்டில உண்மை பேசுது!" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கையில்லாமல் எஞ்சினுக்குக் கீழே டார்ச்சோடு படுத்துக்கொண்டார் சிங்கராயர்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சூசைமேரி கேட்டாள்: "முள்ளு இன்னா இன்னாத்துக்குப்பா படுக்கும்?"

"ஒயரு லூசானாலும் படுக்கும்க்கா. இத பாருங்க, டேஷ்போர்டுக்குக் கீழ இந்த ஃபியூஸ் போனாலும் படுக்கும். ஹாரனும் இதுலதான் ஓடுது."

"அங்க இன்னாடா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லண்ணா. அக்கா சும்மா கேட்டாங்க."

குணாவை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சந்தவாசல் வரை ஓட்டிப் பார்த்தார். முள் படுக்கவே இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சிங்கராயருக்கு ஞானம் பிறந்தது.

"மேரி, கண்டுபுடிச்சிட்டேன். நீ உக்காந்தாதான் முள்ளு படுக்குது. இடது பக்கம் பாரம் ஜாஸ்தியானா எண்ணெய் ஒரு பக்கமா சாயும். சயின்ஸ்!"

"அப்போ நான் பாரமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்த கணவன் ஆரணி வட்டாரத்தில் கிடையாது.

"நீ இல்ல மேரி. சீட்டு."

"சரிங்க," என்று அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். கருகியிருந்தது. அதையும் சாப்பிட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின சனிக்கிழமை உண்மை வெளிவந்தது. தேவிகாபுரம் நெருங்கும்போது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கீழே விழுந்தது. வேகத்தைக் குறைத்துக் குனிந்தார். அங்கே மீட்டரிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. சூசைமேரியின் மெட்டி போட்ட விரலும் கட்டை விரலும் சேர்ந்து அதைப் பிடித்து, இணைப்பு விடும்படி மெல்லக் கீழே இழுத்தன. தறி மிதித்துப் பழகிய கால். துளி சத்தம் இல்லை. முகமோ ஜன்னல் பக்கம், நெல் வயலை ரசித்துக்கொண்டிருந்தது.

சிங்கராயர் நிமிர்ந்தார். முள் படுத்திருந்தது. அவருக்குக் கோபம் வரவேண்டும். வந்தது சந்தோஷம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுதான் அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் போல வண்டியை நிறுத்தினார், தலையில் கைவைத்தார், "பேஜாரா போச்சே மேரி" என்று அலுத்துக்கொண்டார். நடிப்பு தனக்கு இவ்வளவு வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று விடியற்காலையில் எழுந்துபோய், அந்த ஒயரை மேலே தூக்கி, டேப் சுற்றி, கம்பியால் கட்டினார். இனி கால் என்ன, ஏணி வைத்தாலும் எட்டாது. ஸ்டெஃபியை நினைத்தபோது நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இருந்தாலும் ஆண்பிள்ளை சபதம். மற்றச் சனிக்கிழமை போலவே இன்றும் தறிக்காரர் ஊருக்குப் போகிறோம் என்று அறிவித்தார்.

சூசைமேரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"பாவு குடுக்கறதுக்கு எதுக்குப் பட்டு?"

"பட்டு வியாபாரி பொண்டாட்டி பட்டு கட்டினா தப்பாங்க?"

"கட்டிக்கோ, கட்டிக்கோ. ஆனா கால மட்டும் மேல தூக்கி சம்மணம் போட்டு உக்காரு. கீழ எஞ்சின் சூடு ஏறுது."

ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "சரிங்க," என்று இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துக்கொண்டாள்.

சிங்கராயர் அன்று ரோட்டைப் பார்த்து ஓட்டியது குறைவு. அந்தக் கால்களைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம். முள் கம்பீரமாக நின்றது. அவர் விசில் அடித்தார். தேவிகாபுரம் வந்தது. சூசைமேரி குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே வைத்திருந்த பையைத் துழாவினாள்.

"இன்னா தேடற?"

"மல்லாட்ட வறுத்து வெச்சேன். துன்றீங்களா?"

கால்களைப் பார்த்தார். சம்மணம் கலையவில்லை. "குடு, குடு," என்றார் வெற்றி வீரராக. கை நிறைய வேர்க்கடலை வந்தது.

தூரத்தில் சகலை வீட்டு ஷாமியானா தெரிந்தது. மீட்டரைப் பார்த்தார். முள் படுத்திருந்தது.

சட்டென்று கால்களைப் பார்த்தார். இரண்டும் சீட்டின் மேலேயே இருந்தன. குறுக்கே ஒரு ஆடு வந்தது. ஹாரனை அடித்தார். சத்தமே வரவில்லை. ஹாரன்கூடப் போய்விட்டது! இத்தனை வாரம் பொய், இன்றைக்கு நிஜம். புலி வருது புலி வருது என்ற கதையாக, நிஜப் புலியே வந்துவிட்டது.

"மேரி! வண்டி சாவுது!"

பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது. நாலடி தள்ளி அல்ல. வாசலுக்கு நேராக, ஷாமியானாவுக்கு அடியில், மாப்பிள்ளை வீட்டார் மூக்குக்கு முன்னால்.

கிறிஸ்டோபர் ஓடிவந்தார். "அண்ணா!" அவ்வளவுதான் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டார். கேலி பேசுகிற வாய் கோணிக்கொண்டு, கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு வாய் தவறிட்டேண்ணா. மனசுல வெச்சிக்காதீங்க."

பின்னாலேயே பாதி ஜடை பின்னியபடி ஸ்டெஃபி வந்தாள். "பெரியப்பா, நீங்க வருவீங்கன்னு நான்தான் சொன்னேன். யாருமே நம்பல."

அதற்கு மேல் எந்தச் சபதம் தாங்கும்? சிங்கராயர் இறங்கினார். தட்டு மாற்றினார். மாற்றும்போது அழுதார். அழவில்லை, சாம்பிராணிப் புகை என்றார். சாம்பிராணி அங்கே யாரும் போடவில்லை. பிரியாணி மூன்று முறை வாங்கினார். காப்பிச் சபதமும் பாயசத்துக்குப் பிறகு முறிந்தது. புறப்படும்போது கிறிஸ்டோபர் ஃபாதரை ஜீப்புக்கு முன்னால் கூட்டிவந்தார்.

"தீர்த்தமே தெளிங்க ஃபாதர். இந்த வண்டி இன்னும் நூறு வருசம் ஓடும்."

சிங்கராயர் நெஞ்சு நிறைந்து ஏறி உட்கார்ந்து, பயந்துகொண்டே சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது. முள் படுத்தேதான் கிடந்தது.

"குணாவுக்கு போன் போடு மேரி. எஞ்சின் போச்சு."

சூசைமேரி போனை எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். சுண்டுவிரல் அளவு கண்ணாடி ஃபியூஸ் ஒன்றை எடுத்து, குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரே அழுத்தாக மாட்டினாள். முள் துள்ளி எழுந்தது. சிங்கராயரின் உள்ளங்கை ஹாரன் மேல் இருந்தது. அது ஊரைக் கூட்டியது.

அவர் முள்ளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"உன் காலு மேலதான இருந்துச்சு? கண்ணு எடுக்காம பாத்துகினு வந்தேனே!"

"பாத்தீங்க, பாத்தீங்க," என்றாள் சூசைமேரி, மடித்த காலைக் கீழே இறக்கிக்கொண்டே. "முப்பது வருசமா தறி வீடு ஏறி எறங்கறீங்க, நாடா ஓடறது கையிலன்னு இன்னுமா தெரியல?"