ஒருவேளை சார் குமராட்சிக்கு ட்ராக்டர் பார்க்கப் போனது

தென்னாற்காடு ஜில்லாவில் நடக்காமல் போன அத்தனை விபத்துகளையும் முன்கூட்டியே அறிந்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க்தான். எதைப் பேசினாலும் "ஒருவேளை..." என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவர் பெயரே ஒருவேளை சார் ஆகிவிட்டது. புதிதாக வந்த பியூன் ஒருவர், இவர் நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, ஒரு மாதம் வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்து கொடுத்தார். சார் அதைத் தொடவில்லை. ஒருவேளை மாவு புளித்திருந்தால்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீஸ். மின்விசிறிக்குக் கீழே அவர் உட்கார்ந்ததே கிடையாது. மே மாத வெயிலிலும் மூலையில் வியர்த்துக்கொண்டு கோப்பு பார்ப்பார். விசிறி கழன்று விழுந்தால் யார் யார் தலை போகும் என்று மட்டும் வரிசையாகச் சொல்வார். முதல் தலை என்னுடையது.

அறுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரும் சம்சாரமும் குமராட்சிக்குப் போகிறார்களாம், நானும் வர வேண்டுமாம். குமராட்சி அந்தம்மாவின் பிறந்த ஊர். அங்கே ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் இரும்புச் சக்கரம் வைத்த ஆதிகாலத்து ட்ராக்டர் ஒன்று கிடக்கிறது. அந்த வாரம் அதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடப் போவதாக அந்தம்மாவின் தம்பி கடிதம் எழுதியிருந்தார். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.

என்னை ஏன் அழைத்தார் என்பது ரயிலில்தான் தெரிந்தது. நான் தேவனாம்பட்டினத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம், நீச்சல் தெரியும். சிதம்பரம் போகும் வழியில் வெள்ளாற்றுப் பாலம் இருக்கிறது.

வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடலூர் ஓ.டி. ஜங்ஷனில் உட்கார்ந்திருந்தோம். அவர் பையில் கயிறு, டார்ச், மூன்று வகை மாத்திரை, கோடாலித் தைலம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் அந்தம்மாவுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார். "ஒருவேளை பாலத்துல ஏதாவது ஆச்சுன்னா, மொதல்ல அவளப் புடிங்க. என்ன அப்புறம் பாத்துக்கலாம்."

வெள்ளாற்றில் அன்றைக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. அதில் இரண்டு எருமைகள் நின்றுகொண்டிருந்தன. ஆனாலும் பாலம் முடியும்வரை சார் மூச்சு விடவில்லை.

சிதம்பரத்தில் பஸ் ஏறுவதற்கு முன் அவர் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்க்கப் போனார். அந்த நேரத்தில்தான் நான் அந்தம்மாவிடம், இந்த வெயிலில் ஒரு ட்ராக்டரைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று கேட்டேன்.

"அவுரு உங்ககிட்ட சொல்லலையா தம்பி?" என்றார்.

அந்தம்மாவுக்கு இடது கண் போய் வெகுநாளாகிறதாம். மிச்சமிருக்கும் வலது கண்ணில் புரை. வியாழக்கிழமை பாண்டிச்சேரியில் ஆபரேஷன். பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ட்ராக்டர் முதன்முதலில் ஊருக்கு வந்தபோது அந்தம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். கிட்டே போன இவரை மட்டும், பொட்டப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அவர் அம்மா காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டாராம்.

பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் சார் நான்காவது டயரை உதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகப் பாலம், டயர், வெயில், பாம்பு என்று எத்தனையோ ஒருவேளை சொன்ன மனிதர் இதை மட்டும் சொல்லவில்லை.

குமராட்சியில் பண்ணை வீட்டுக்காரர் கொட்டகையைத் திறந்து காட்டினார். சக்கரங்கள் அரை அடி மண்ணில் புதைந்து கிடந்தன. அந்தம்மா முகத்தை இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வந்தவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் காலை வைத்தார்.

"காமாட்சி, ஒருவேளை அது கெளம்பிட்டா?"

பண்ணை வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். இன்ஜினைக் கழற்றியே பதினைந்து வருஷம் ஆகிறது என்றார்.

சார் வெளியே போய்ச் செங்கல் எடுத்துவந்தார். சலவைச் சட்டையோடு மண்ணில் மண்டியிட்டு, சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். பண்ணை வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பேசாமல் போய் நானும் செங்கல் சுமந்தேன்.

அந்தம்மா ஏறி இரும்பு சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே நின்றவரைக் கேட்டார்:

"பயமா இருக்குதுங்களா?"

சார் தலையை ஆட்டினார். ஆட்டியது அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்காது என்று பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சிருக்கேன். நீ உக்காரு."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் அந்தம்மா அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. தும்மினால் தையல் பிரிந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். பார்க்க வந்தவர்களை எல்லாம் சார் வாசலிலேயே மறித்து, மூக்குப்பொடி போடும் பழக்கம் உண்டா என்று விசாரித்துத்தான் உள்ளே விட்டார். அவருடைய சொந்த அண்ணன் அந்த விசாரணையில் தேறாமல் கடலூருக்குத் திரும்பினார்.

கட்டுப் பிரித்த அன்று நானும் இருந்தேன். டாக்டர் கனமான கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். அந்தம்மா சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் சாரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலை இவ்ளோவா நரைச்சிருக்கு?"

சார் தலையைத் தடவிக்கொண்டார். "இப்பதான்... ஒரு வாரமா" என்றார்.

எட்டு வருஷம் அவருக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தவன் நான். நான் வேலைக்குச் சேரும்போதே அது முழுசாக நரைத்த தலை. ஆனால் இன்றுவரை யார் கேட்டாலும், அந்த ஒரு வாரத்தில்தான் நரைத்தது என்று நானும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.