சாமிக்கு விட்ட சொட்டுகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு அத்தை எழுதுவது.

சென்ற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, நம் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டியின் முன்னால் இருந்தவர்கள்: நான், உங்கள் மாமா, தொட்டியை எடுத்துக்கொள்ள நீங்கள் அனுப்பிய மீன்கடைக்காரர், அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்து யாருக்கு என்னவோ என்று இறங்கி வந்த மேல்வீட்டு டீச்சர். தொட்டிக்குள் மீன் நான்கு, இறால் ஒன்று, பவளம் ஒன்பது. இத்தனை பேர் எதிரில் நடந்ததை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. மாமா போனில் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார். நான் பேச வந்தால் “சாப்பிட்டீங்களா” என்பதைத் தாண்டி உங்களிடம் எனக்கு வாய் வராது. ஆகவே எழுதுகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டது என்று எங்கள் பெண் பாப்பா சொன்னாள், மனம் ஆறியது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறையில்லை. குறை என் கணக்கில்தான்.

நீங்கள் வேலை மாற்றலில் போகும்போது உங்கள் தொட்டியை எங்களிடம் விட்டு, ஞாயிறுதோறும் அதன் தண்ணீரில் கால்சியம் பார்க்கும் முறையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், ஆனாலும் அந்தத் தாளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டேன். தொட்டித் தண்ணீர் ஐந்து மில்லியைச் சோதனைக் குழாயில் எடுத்து, முதல் பாட்டில் மருந்தும் பொடியும் போட்டால் அது ரோஜா நிறமாகும். பிறகு இரண்டாம் பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நீலமாக மாறுகிற சொட்டில் நிறுத்த வேண்டும். சொட்டுக்கு இருபது என்று பெருக்க வேண்டும். நானூற்றிருபது வந்தால் பவளத்துக்கு நல்லது. இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மீறவில்லை. ஆனால் எந்தக் காரியத்திலும் முதல் பங்கைச் சாமிக்கு எடுத்து வைக்காமல் நான் தொடங்கியதில்லை, அது உங்களுக்கும் தெரியும். சொட்டு மட்டும் என்ன விலக்கா என்று, முதல் சொட்டை மனசுக்குள் பெயர் சொல்லி விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ணி வந்தேன். ஒளிவு மறைவு கிடையாது. நோட்டில் கோடு போட்டு, “தொட்டிக்கு” என்று ஒரு பத்தி, “சாமிக்கு” என்று ஒரு பத்தி, “யாருக்காக” என்று ஒரு பத்தி. ஞாயிறு மாலை மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு “தொட்டிக்கு” பத்தியை மட்டும் இருபதால் பெருக்கி உங்களுக்கு அனுப்புவார். பக்கத்துப் பத்தி என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பெருக்கல் மட்டும்தான் அவருடைய இலாகா.

வழக்கமான வாரங்களில் சாமிக்கு ஒரு சொட்டுதான், அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கவலை உள்ள வாரத்தில் ஒரு சொட்டோடு நிறுத்த எனக்குக் கை வருவதில்லை. பாப்பாவின் நேர்முகத் தேர்வு வாரத்தில் மூன்று விட்டேன். கால்சியம் இறங்குகிறதே என்று நீங்கள் தினம் ஒரு கரண்டி கால்சியத் தூள் போடச் சொன்னீர்கள். மாமாவின் கண் ஆபரேஷனுக்கு நான்கு. நீங்கள் ஒன்றரைக் கரண்டியாக்கினீர்கள். பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றுநான்கு டிகிரி என்று பாப்பா அழுத அந்த ஞாயிறு நான் சாமிக்கு எட்டு சொட்டு விட்டேன். மிச்சம் பதினான்கில் நீலமாகிவிட்டது. மாமா இருநூற்றெண்பது என்று அனுப்பினார். நீங்கள் ஜுரத்தோடு மூன்று தடவை கூப்பிட்டு, தினம் மூன்று கரண்டி போடச் சொன்னீர்கள், போட்டோம். அடுத்த ஞாயிறும் ஜுரம் விடவில்லை, ஆகவே ஒன்று கூட்டி ஒன்பது விட்டேன், முந்நூறு என்று போயிற்று. தூளைக் கொட்டியும் ஏறவில்லை, தொட்டி கை மீறிவிட்டது, அத்தைக்கும் சிரமம், கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று நீங்கள் முடிவு செய்ததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

புதன்கிழமை கடைக்காரர் வந்ததும் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார். “என்னம்மா, மோட்டார் பூரா சுண்ணாம்பா பூத்திருக்கு. முந்நூறுன்னு சொன்னாரே உங்க மாப்பிள்ளை?” என்றவர், தன் பெட்டியைத் திறந்து தானே சோதித்தார். இருபத்தைந்து சொட்டு, ஐந்நூறு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பாட்டிலை எடுத்து அவர் எதிரிலேயே விட ஆரம்பித்தேன். ஒன்பது சொட்டு ஆன பிறகு “ஒண்ணு” என்றேன்.

“நில்லுங்க. ஒன்பது விழுந்திருக்கு, இப்பதான் ஒண்ணா?”

“அது கணக்குல வராது. சாமிக்கு.”

“சாமி எப்பம்மா மீன் வளர்க்க ஆரம்பிச்சார்?” என்று அவர் மாமாவைப் பார்த்தார். மாமா ஜன்னலைப் பார்த்தார். டீச்சர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: “அக்கா, அந்த ஒன்பதை சாமி எடுத்துக்கிட்டிருந்தா உங்க கணக்கு சரியா வந்திருக்கும். எடுத்துக்கல. அத்தனையும் அந்தக் குழாய்லதான் இருக்கு.”

கடைக்காரர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க, குழாயைக் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அதே நினைவு. அந்த மருந்து உங்களுடையது. இன்னொருவர் பாட்டிலிலிருந்து எடுத்து விட்டால் அது காணிக்கை ஆகுமா? ஆகாது என்றுதான் தோன்றுகிறது. சாமியும் அதை எடுத்துக்கொள்ளாமல் சொட்டுக்குச் சொட்டு உங்கள் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் உங்கள் ஜுரம் விட்டது. கேட்டதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. கேட்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைத்தது நான்தான்.

பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூளை நிறுத்தினால் தானே இறங்கும் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியானால் தொட்டி இங்கேயே இருக்கட்டுமே என்றேன். “அது உங்க மாப்பிள்ளை சொல்லணும். அவர் வாயால கேட்டாத்தான் விடுவேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை வண்டியோட வர்றேன்” என்று போய்விட்டார். மாப்பிள்ளை, காலையில் விளக்கைப் போட்டதும் அந்த ஊதாப் பவளம் மெதுவாக விரல் விரலாக விரிகிறதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது. சிரமம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. தூளைப் புதனோடு நிறுத்திவிட்டோம். இன்று ஞாயிறு, மறுபடி பார்த்தேன்: இருபத்திரண்டு சொட்டு, நானூற்று நாற்பது. நான்கே நாளில் அறுபது இறங்கியிருக்கிறது. தொட்டி தேறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நீங்களும் பாப்பாவும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மாமா தம் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பப் போகிறவரும் அவரே.

இப்படிக்கு,
அத்தை

பின்குறிப்பு: படம் எடுப்பதற்கு முன் மாமா நோட்டை வாங்கி, வாழ்நாளில் முதல் தடவையாகப் பக்கத்துப் பத்தியையும் படித்துவிட்டார். “இதையும் எழுது” என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மேலே எழுதிய இருபத்திரண்டோடு மூன்றைக் கூட்டிக்கொள்ளவும். தொட்டி நம்மை விட்டுப் போகக் கூடாது என்று சாமிக்கு விட்டது. ஆக, தண்ணீர் இன்னும் அதே ஐந்நூறில்தான் நிற்கிறது. வண்டி வியாழக்கிழமை வருகிறது. புதன்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.