சாமத்திய வீட்டில் இசபெல்லா ராணி

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளின் கையில் மைக்கைக் கொடுப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அதைக் கொடுத்தவர் சித்தி. அனுபவித்தவர்கள் இங்கிலாந்தில் எங்கள் கிங்ஸ்பரி மண்டபத்தில் இருந்த இருநூறு பேர்.

சித்தியின் மகள் தாரணிக்குச் சாமத்திய வீடு. பெரிய பிள்ளையானதை ஊருக்கெல்லாம் ஏன் காட்ட வேண்டும் என்று அவள் மூன்று மாதம் மறுத்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்: ஒரு படத்தில் பார்த்த பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவைப் போல உடுத்திக்கொண்டுதான் வருவாளாம். அந்தப் படத்தில் இளவரசி இங்கிலாந்து அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஸ்கொட்லாந்துப் போராளி ஒருவனைக் காதலிக்கிறாள். சித்தி உடனே நீல வெல்வெட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு, ராணியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லி என்னிடம் வந்தார்.

நான் மத்தியகால வரலாறு படித்தவள். (அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது என்று கேட்ட அத்தனை பேரும் அங்கே வருவார்கள். விடுவேனா?) பன்னிரண்டு அட்டைகளில் குறிப்பெழுதினேன்.

தாரணி கிரீடத்தோடு சிம்மாசனத்தில் அமர்ந்ததும், அந்தப் படம் முழுப் பிழை என்று தொடங்கினேன். போராளி செத்தபோது இசபெல்லா பிரான்சில் இருந்த பத்து வயதுச் சின்னப்பிள்ளை; இருவரும் சந்தித்ததே இல்லை என்றேன். மண்டபம் அமைதியானது. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததையும் சொன்னேன். அரசன் அவளைவிடத் தன் நண்பர்களையே பெரிதாக நினைத்தான். அவள் பிரான்சுக்குப் போனாள், படையோடு திரும்பினாள், புருசனை இறக்கிவிட்டு மகனை அரசனாக்கினாள். புருசன் சிறையில் செத்தான். கொலை என்று ஊர் பேசியது. இதற்கிடையில் அவளுக்கு ஒருவனோடு உறவு. அதற்கு எழுதி வைத்திருந்த நாகரிகமான சொல் மறந்துபோய், "கள்ளப் புருசன்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் சித்தப்பாவின் அக்கா கடித்த பலகாரத்தை மெல்லவே இல்லை.

அவளை ஓநாய் என்று திட்டியவர்கள் அவள் பக்கத்தைக் கேட்கவில்லை என்பது பதினோராவது அட்டையில் இருந்தது. எட்டாவது அட்டையிலேயே சித்தி மைக்கைப் பறித்துவிட்டார்.

தாரணி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். எழும்பிப் போகப் போகிறாள், சித்தி மூன்று மாதம் பட்ட பாட்டையெல்லாம் நான் ஒருத்தி கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, கலியாணம் கட்டேக்கை அவவுக்கு எத்தினை வயசு?"

"பன்னிரண்டு."

"என்ர வயசு. விருப்பமோ எண்டு ஆரும் கேட்டவையோ?"

"இல்லை."

அவள் தாயைப் பார்த்தாள். "என்னை அம்மா மூண்டு மாசமாக் கேட்டவ," என்றாள். பிறகு கிரீடத்தை எடுத்துத் தானே வைத்துக்கொண்டாள். "பாவம் அவ. நான் அவவாவே இருக்கிறன்."

பன்னிரண்டு அட்டைகளில் எனக்குச் சொல்ல ஏலாமல் போனது அதுதான். சித்தி மைக்கைப் பிடித்தபடியே அழுதார். இருநூறு பேருக்கும் கேட்டது.

இப்போதெல்லாம் சித்தப்பா சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் இருந்தால் சித்தி, "நான் ஒருக்கா பிரான்சுக்குப் போட்டு வாறன்," என்பார். சித்தப்பா உடனே எழும்பிவிடுவார். இசபெல்லா படை திரட்டியது பிரான்சில் இல்லை, பக்கத்துச் சிற்றரசான ஹேனோவில் என்று ஒருநாள் நான் திருத்தினேன். அன்றைக்குக் கோப்பைகளைக் கழுவியது நான்.