மாமனார் லாட்ஜ் சர்வரும் என் ஸ்டேட்டஸும்

புது மாப்பிள்ளையைத் திட்ட யாருக்கும் தைரியம் வராது. அந்தச் சலுகையை நம்பித்தான் என் மாமனாரின் ஏற்காடு லாட்ஜை ஒருநாள் முடக்கிப் போட்டேன்.

மலர்க் கண்காட்சி சமயம். அறைகள் எல்லாம் முன்பதிவாகியிருந்தன. பதிவுகள் அத்தனையும் வரவேற்பு மேசைக்கு அடியிலிருந்த சர்வரில். விருந்துக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். (மாமியார் வைக்கும் இட்லியைத் தீர்ப்பதே முழுநேர வேலை.) ஆனால் கம்ப்யூட்டர் படித்தவன் என்று காட்ட வேண்டாமா?

"வட்டுல இருக்கற ஃபைல் சிஸ்டம் பழசு மாமா. அப்கிரேட் பண்ணிட்டா பறக்கும்."

"நல்லாத்தானுங்களே ஓடுது" என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ள சொன்னா சரிங்க" என்றார்.

வேலை முடிந்ததும் திரையைப் படமெடுத்து, 'மாமனார் வீட்டில் ஒரு சிறு சேவை' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். பிறகு சர்வரை அணைத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில், வட்டைப் படிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். விசிறிவரை கழற்றித் துடைத்தேன். கடைசியில் பனிமூட்டத்தின் மேல் பழியைப் போட்டேன். மாமனார் மறுபேச்சின்றி ஜன்னலைச் சாத்தினார்.

அதற்குள் வாசலில் பெட்டிகளோடு கூட்டம். வருஷம் முழுக்க அவர் காத்திருந்த வாரம் அது. யாருக்கு எந்த அறை என்று தெரியாமல், முகத்தைப் பார்த்துச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார் காப்பி கொண்டுவந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் மனைவி கைபேசியோடு வந்தாள். "ஏனுங்க, உங்க ஸ்டேட்டஸைப் பெருசு பண்ணிப் பாத்தீங்களா?"

பார்த்தேன். படத்தின் கடைசி வரியில் எச்சரிக்கை இருந்தது: கணினியை எழுப்பிவிடும் பூட் லோடரையும் புதுப்பித்துவிடுங்கள், பழையதற்கு இந்த வட்டைப் படிக்கத் தெரியாது.

"சொந்தக்காரங்க எல்லாரும் பாத்து லைக் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் படிக்கல" என்றாள்.

பென் டிரைவிலிருந்து புது பூட் லோடரை ஏற்றியதும் சர்வர் சமர்த்தாக எழுந்துகொண்டது. பதிவுகள் பத்திரம். ஆனால் பதிவே செய்யாத ஒரு குடும்பத்துக்கு மாமனார் ஏற்கெனவே சாவி கொடுத்திருந்தார். ஓர் அறை குறைந்தது. அவர் தலையைச் சொறிந்தபடி, "மாப்ள நம்ம ஊட்டாளு தானுங்களே" என்றார்.

நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறை போயிற்று. மனைவி அவள் அம்மாவோடு படுத்தாள். விருந்து முடியும்வரை நான் வரவேற்பு மேசையோரம், சர்வருக்குத் துணையாகப் படுத்தேன்.

திருமணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் அந்த வீட்டில் நான் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினால் போதும், மாமனார் ஓடிவந்து நொம்பப் பணிவாகக் கேட்பார்:

"மொதல்ல ஒரு ஸ்டேட்டஸ் வெச்சுருங்க மாப்ள. நாங்க பெருசு பண்ணிப் பாத்துட்டுச் சொல்றமுங்க."