யார் முதலில் லைனுக்கு வருவது?

தன் சொந்த வீட்டுக் குளியலறை வாசலில், தோளில் துண்டோடு, ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார் முதலமைச்சரின் செயலாளர். அவருக்கு முன்னால் மாமியார், இரண்டு மச்சினர்கள், ஒரு சகலை. உள்ளே மாமனார். அவர் குளிக்கப் போனால் ஓர் ஆட்சிக்காலம் முடிந்துதான் கதவு திறக்கும்.

மாமியார் ஊரில் குடிதண்ணீர் இல்லை. ஆற்றிலிருந்து குழாய் பதித்து ரயில் தண்டவாளம் வரை கொண்டுவந்தாயிற்று. ஊர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தண்ணீர் மாநிலத்துடையது, குழாய் மாநிலத்துடையது, தாகமும் மாநிலத்துடையது. தண்டவாளம் மட்டும் மத்திய அரசுடையது. அதற்கு அடியில் குழாயை நுழைக்கப் பிரதமர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை மாமியார் குடும்பம் மாப்பிள்ளை வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது.

"முதலமைச்சர் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, ஒரு குழாய விட முடியலையா மாப்பிள்ளை?" என்றார் மாமியார், பல் துலக்கிக்கொண்டே. "ஒரு பிளம்பருக்குக் கட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்."

செயலாளர் குளிக்காமலே அலுவலகம் போனார்.

பேசுவதற்கு முதலமைச்சர் தயார்தான். ஆனால் பிரதமர் லைனில் வந்து நின்ற பிறகுதான் போனைத் தன் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அவர் காத்திருந்தால் மாநிலமே காத்திருந்த மாதிரியாம். தலைநகரில் பிரதமரின் செயலாளருக்கும் அச்சு அசலாக அதே கட்டளை. பிரதமர் காத்திருந்தால் நாடே காத்திருந்த மாதிரி. ஆகவே ஒரு வாரமாக இரண்டு செயலாளர்களும், "முதல்ல உங்க ஐயாவ வரச் சொல்லுங்க" என்று ஒருவரை ஒருவர் கெஞ்சி, மிரட்டி, தொண்டை வற்றிப் போயிருந்தார்கள்.

இன்று நம்மவருக்கு ஒரு யோசனை உதித்தது. மூன்று எண்ணுவோம், இரண்டு பேரும் ஒரே நொடியில் போனைக் கைமாற்றுவோம். மறுமுனையும் ஒத்துக்கொண்டது. முதலமைச்சர் கையை நீட்டியபடி தயாராக நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று.

இரண்டு பக்கமும் மயான அமைதி.

"ஐயாவா?" என்றது மறுமுனை.

"இல்ல, நான்தான். அங்க?"

"இங்கயும் நான்தான்."

முதலமைச்சர் நீட்டிய கையைச் சும்மாவா மடக்குவார்? சாயங்காலத்துக்குள் பிரதமர் லைனில் வராவிட்டால், செயலாளர் நாளை முதல் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் நிலவறையில் கரப்பான்பூச்சிகளுக்குச் செயலாளராக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, மாடிக்கு உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்கப் போனார். சட்டசபையில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டைப் புண். வாராவாரம் வந்து பார்க்கும் தொண்டை டாக்டரோ, யாரோ பெரிய நோயாளி கூப்பிட்டார் என்று நேற்றே தலைநகருக்குப் பறந்திருந்தார்.

மறுபடி போன் அடித்தது. பிரதமரின் செயலாளர்தான். பிரதமர் பக்கத்திலேயே இருக்கிறார், முதலமைச்சர் குரல் கேட்ட மறுகணம் கொடுத்துவிடுகிறேன், இதுதான் கடைசி என்றார்.

நம்மவர் மாடிப்படியைப் பார்த்தார். குளியலறை வாசலை நினைத்தார். எத்தனையோ வருஷமாக முதலமைச்சருக்கு மேடைப்பேச்சு எழுதி, எழுதியதை அவர் குரலிலேயே படித்துக் காட்டிப் பழகியவர். நெஞ்சை நிமிர்த்தி, குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, "நான்தான் பேசறேன்" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு, நாடே வானொலியில் கேட்டு மயங்கும் அந்தக் கனத்த குரல், நிதானமாக வந்தது.

"சொல்லுங்க சார்."

செயலாளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு நாட்டின் பிரதமர், ஒரு மாநில முதலமைச்சரைப் போய் சார் என்கிறாரே, என்ன பணிவு, என்ன பண்பு. தன்னையறியாமல் எழுந்து நின்று, குழாய் விஷயத்தைக் கடகடவென்று கொட்டினார். மதியத்துக்குள் உத்தரவு வந்துவிடும் என்றது குரல். ஆனால் முதலமைச்சர்கள் மாநாட்டுக்கு இந்தத் தடவையாவது அவசியம் வர வேண்டுமாம். அந்தப் பண்பில் கரைந்துபோயிருந்தவர், "கண்டிப்பா வரேன்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உயிர் உள்ளவரை அந்த மாநாட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று முதலமைச்சர் சட்டசபையில் மேஜையைத் தட்டியல்லவா சொல்லியிருந்தார்.

சொன்னபடி மதியத்துக்குள் உத்தரவு வந்தது. எந்த அரசாங்க உத்தரவு சொன்ன நேரத்தில் வந்திருக்கிறது? மனைவி போன் செய்து, ஊரில் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள், அம்மா பெட்டி கட்டுகிறாள் என்றாள். வாக்கை வாபஸ் வாங்கினால் குழாயும் வாபஸ், பெட்டியும் மறுபடி பிரியும். வேறு வழியில்லாமல் மாடி ஏறினார்.

"ஐயா, பிரதமரே லைன்ல வந்தார்."

முதலமைச்சர் கொப்பளிப்பதை நிறுத்தினார். "அவரேவா? முதல்லயா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஐயா. மாநாட்டுக்கு உங்கள அவர் வாயாலயே கூப்பிட்டார். நான்... நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

முதலமைச்சர் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். நிலவறையின் வாசனை செயலாளர் மூக்கில் அடித்தது.

"அவர் வாயால ஒரு வார்த்தை கூப்பிடட்டும்னுதான்யா இவ்வளவு நாளா முறுக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார் முதலமைச்சர். "போ, டிக்கெட் போடு. உன் மாமியார் ஊர்க் குழாய நானே வந்து திறந்து வைக்கறேன்."

செயலாளருக்குப் போன உயிர் வட்டியோடு திரும்பி வந்தது. இன்று ராத்திரி தன் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக் குளிப்பதாகத் தீர்மானித்து, படியில் ஒரு துள்ளல் துள்ளி இறங்கினார். எதிரே பையோடு தொண்டை டாக்டர் ஏறி வந்துகொண்டிருந்தார். விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறாராம். அந்தப் பெரிய நோயாளி எப்படி இருக்கிறார் என்று நம்மவர் மரியாதைக்குக் கேட்டு வைத்தார்.

டாக்டர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதீங்க, பிரதமருக்கு ஒரு வாரமா குரலே இல்ல, எல்லாத்தையும் தாள்ல எழுதித்தான் காட்டறார். ஆனா எனக்கு அவர் செயலாளரப் பாத்தாத்தான் பாவமா இருந்துச்சு சார், காலையில யாரோ ஒரு முதலமைச்சர்கிட்ட போன்ல பேசினாராம், அதுலேர்ந்து ஏதோ ஒரு குழாய்க்குக் கையெழுத்துப் போடுங்கன்னு பிரதமர் கால்லயே விழுந்து கெடந்தார்."