எனக்குந்தான்

“எனக்குந்தான் கால் வீங்குது. நான் என்ன பல்லக்குலயா போறேன்?”

“செருப்பே ஏற மாட்டேங்குது அத்தை.”

“ஏறலைன்னா வெறுங்காலோட நட. கொழுந்துச் செடி என்ன செருப்பா கேக்குது?”

போடிமெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், முப்பத்தெட்டு வயதிலேயே மாமியாராகிவிட்ட குருவம்மாள் வைத்ததுதான் சட்டம். மருமகள் முத்துப்பேச்சிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளைப் போடியிலிருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மகன் செல்லத்துரை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தான். அந்த வழக்கத்தைக் குருவம்மாள் ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்லுவாள். தன் வீட்டில் தண்ணீர் சுமக்க ஆள் போய்விடும் என்றால் மட்டும் வழக்கமாவது மண்ணாவது.

ஆகவே, பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதெல்லாம் வெறும் சோம்பல் என்று நிரூபித்தாக வேண்டும்.

வீக்கம் வடியட்டும் என்று மருமகளைக் குழாயடி வரை நடத்திக் கூட்டிப்போனாள். திரும்பும்போது மருமகளுக்கு மூச்சு இரைத்தது. “எனக்குந்தான் இரைக்குது,” என்று குருவம்மாளும் படியில் உட்கார்ந்தாள்.

மூச்சுக்கு மிளகுக் கஷாயம் போட்டாள். மருமகளுக்கு நெஞ்சு எரிந்தது. கஷாயத்தின் மேல் குற்றமில்லை என்று காட்டத் தானும் ஒரு டம்ளர் குடித்தாள். செல்லத்துரை வேலை முடிந்து வந்தபோது, மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கே போடிக்கு ஜீப்பு சொல்லிர்றேன்,” என்றான் அவன்.

ஜீப்பு என்றதும் குருவம்மாள் எழுந்தாள். ஓடிப்போய் எஸ்டேட் நர்ஸ் கத்தரீனாளைக் கையோடு கூட்டி வந்தாள். சிவப்பு முக்கோணம் போட்ட பையிலிருந்து மரக்குழலை எடுத்து, முத்துப்பேச்சியின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டாள் நர்ஸ்.

“தலை நல்லாக் கீழ எறங்கிருக்கு. அதான் இடுப்பு வலி, அடிக்கடி ஒண்ணுக்கு வருது. பிரஷரும் சரியா இருக்கு. கால் வீக்கம், நெஞ்செரிச்சல் எல்லாம் இந்த மாசத்துல வர்றதுதான்.”

குருவம்மாள் தேர்தலில் ஜெயித்தவளைப்போல மகனைப் பார்த்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்தவர்கள் எங்கே விடுகிறார்கள்?

“கேட்டுக்கடா. இதுக்கா ஜீப்பு? எனக்குக் கால் வீங்கலையா, நெஞ்சு எரியலையா? வயித்துக்குள்ள வாயு உருண்டு உருண்டு விலாவுல இடிக்குதே, நான் படுத்தா கெடக்கேன்?”

“எம்புட்டு நாளா இடிக்குது?” என்றாள் கத்தரீனாள்.

“ஆடி மாசத்துலருந்து. வயசாகுதுல்ல.”

“தீட்டு வருதா?”

“அது நின்னு எத்தனையோ மாசமாச்சு. பேரன் எடுக்கப்போறவளுக்கு அது எதுக்கு?”

வாசலோரம் பீடி குடித்துக்கொண்டிருந்த குருவம்மாளின் புருஷன் சங்கையா, பாதிப் பீடியோடு எழுந்து சத்தமில்லாமல் வெளியே போனார்.

கத்தரீனாள் மரக்குழலைப் பைக்குள் வைக்கவில்லை.

“முத்துப்பேச்சி, நீ எந்திரிச்சு எடம் விடு. குருவம்மாக்கா, நீங்க செத்த நேரம் இந்தக் கட்டில்ல படுங்க, உங்க வாயுவுக்கு நெஞ்சு துடிக்குதான்னு கேட்டுப் பாக்கணும்.”