திறந்தோ, பூட்டோ?

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சொகுசு பஸ் விடுகிற முதலாளியே, உம்முடைய இணையத்தளம் ஒரு மனிதரின் கலியாணப் பேச்சைக் குழப்பிவிட்டது. பெயர் சொல்லமாட்டேன். நீர் யாரென்று உமக்குத் தெரியும்.

அந்த மனிதரை எங்கள் ஃபிளாட்டில் 'திறந்தோ-பூட்டோ மாஸ்டர்' என்போம். கொழும்பு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு தொல்லை பிடித்த ஆள் கிடைக்காது. கண் தெரியாது. டியூட்டரியில் இங்கிலிஷ் படிப்பிக்கிறார். லிப்ட், கேட், ஃபிரிட்ஜ், எதன் முன்னால் நின்றாலும் ஒரே கேள்வி: "திறந்தோ, பூட்டோ?" நான் ஒருநாள் பதில் சொல்லாமல் நின்றேன். "சொன்னால் உங்கட வாய் தேய்ஞ்சு போகுமோ?" என்று கத்தினார். பாதி திறந்த கதவில் மோதி முன்பல் போனவர் அப்படித்தான் கத்துவார். ஃபிளாட் கூட்டத்தில் செயலாளர் நிறுத்தாமல் பேசினால், பின்வரிசையிலிருந்து மாஸ்டரின் குரல் வரும்: "செக்ரட்டரி, வாய் இன்னும் திறந்தோ?"

இப்படிப்பட்டவரைச் சாவகச்சேரியில் ஒரு டீச்சருக்குப் பிடித்துப்போனது. போனில் கதைத்துப் பழக்கம். டீச்சரின் அண்ணன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "துணையில்லாமல் தனிய வரட்டும், பார்ப்பம்."

"பொம்பிளை பார்க்கப் போறன்," என்று மாஸ்டர் தானே சொல்லிச் சிரித்தார். டிக்கெட்டை நான் போடுகிறேன் என்றேன். "தனிய எண்டால் தனிய!"

அவருடைய போன் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும். தானே டிக்கெட் போட்டார். விடிய வெளிக்கிட்டுக் காலி வீதியில் நின்றார், வழக்கமாக பஸ் வரும் இடத்தில். பஸ் வரவில்லை. அன்றைக்கு நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில்தான் ஏற வேண்டுமாம். அந்த விஷயம் இணையத்தளத்தில் ஒரு கூட்டல் அடையாளத்துக்குள் மடிந்து கிடந்தது.

அடுத்த நாள் உம்முடைய அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். கவுண்டர் தம்பி சிரித்தான். "அந்த பிளஸ்ஸை அமத்தினால் விரியும் சேர்."

"அமத்தினனான். போன் 'பிளஸ்' எண்டுது. திருப்பி அமத்தினன். திருப்பியும் 'பிளஸ்'. விரிஞ்சுதோ, சுருங்கிச்சுதோ?"

"அது... பார்த்தால் தெரியும் சேர்."

மாஸ்டர் குடையை எடுத்தார். "தம்பி, கண்ணை மூடும்." குடையை விரித்தார், சுருக்கினார், விரித்தார். "இப்ப குடை திறந்தோ, பூட்டோ?"

"தெரியேல்லை சேர்."

"பிளஸ்!" என்று கத்தினார் மாஸ்டர். கவுண்டரே அதிர்ந்தது.

கொஞ்ச நாளில் திருத்திவிட்டோம் என்றீர். திருத்திய அழகைக் கேளும். இப்போது அந்தப் பட்டன் 'மூடியுள்ளது' என்கிறது. விரித்த பிறகும் 'மூடியுள்ளது' என்றே சொல்கிறது. "முதல் வாயே திறக்கேல்லை. இப்ப திறந்து பொய் சொல்லுது," என்றார் மாஸ்டர்.

இது ராக்கெட் விடுகிற வேலையா? பட்டன் 'ஏறும் இடம்' என்று தன் பெயரைச் சொல்லட்டும். விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று உண்மையைச் சொல்லட்டும். விரிந்த விஷயம் பக்கத்தின் அடியில் போய் ஒளியாமல் பட்டனுக்கு அடுத்ததாகவே வரட்டும். கண் தெரிந்தவனுக்கு இதனால் என்ன நட்டம்?

சாவகச்சேரி அண்ணனோ, "பஸ் ஏறத் தெரியாதவர் குடும்பம் நடத்துவாரோ?" என்கிறார். மாஸ்டர் இப்போது லிப்டில் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலே "திறந்திருக்கு மாஸ்டர்" என்று நாங்கள் சொல்லித் தொலைக்கிறோம்.

நேற்று டீச்சர் போன் எடுத்தாராம். மாஸ்டர் பழக்கதோஷத்தில் அவரிடமும் 'திறந்தோ, பூட்டோ?' என்று கேட்டுவிட்டார். "இஞ்சை எப்பவும் திறந்துதான் இருக்கு. நீங்கள் வாங்கோ" என்றாராம் டீச்சர். அதை அந்தத் தொல்லை பிடித்த மனிதர் எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

முதலாளியே, மாஸ்டர் வீட்டுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டாம். பிழை மாஸ்டருடையதல்ல, உம்முடையது என்று உம்முடைய தளத்தின் முதல் பக்கத்தில் எழுதும். எந்த பிளஸ்ஸுக்குள்ளும் மடித்து வைக்காமல் எழுதும். சாவகச்சேரியில் ஒரு அண்ணன் அதை வாசிக்க வேண்டும்.